தாழ்ப்பாளுக்கு எடுத்த பிச்சை

1

இந்தக் கதை ஒரு பீற்றலில் பிறந்தது. பீற்றிக்கொண்டவர் என் அண்ணன் யாகப்பன். நான் இல்லை என்பதால் கூச்சமில்லாமல் எழுதுகிறேன்.

எழுபத்துநான்காம் வருடம். கோவாவில் புனித சவேரியாரின் திருவுடலைச் சனங்கள் பார்க்க வைத்திருந்தார்கள். கடத்தூரில் எங்கள் காட்டில் நிலக்கடலை எப்படி விளைந்திருந்ததென்றால், நாங்கள் ஒரு செடியைப் பிடுங்கினால் அடுத்த காட்டில் காளியப்பனின் மாடு வேர் தடுக்கி விழும். (இதை நம்பாதவர்கள் மேற்கொண்டு படிப்பது வீண்.) அந்தத் திமிரில் சந்தையில் நாலு பேர் நடுவே அண்ணன் சொல்லிவிட்டார்: "குடும்பத்தோட கோவா போறோம். கப்பல்ல."

எங்கள் ஊரிலிருந்து கோவாவுக்குக் கப்பலில் போக வேண்டுமானால், ரயிலில் பம்பாய் வரை போய், அங்கே கப்பல் ஏறி, மறுபடி தெற்கே திரும்பி வர வேண்டும். காளியப்பன் கேட்டார்:

"ஏப்பா யாகப்பா, பஸ்ஸுல நேரா போனா ஆவாதா?"

"புனிதரு என்ன பஸ்ஸுலயா வந்தாரு?"

2

முதல் தொடக்கம்: 'கடல் நீலமாக'

கைவிட்டேன். கடலுக்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: 'எவ்வளவு செலவு செய்வது என்று குடும்பம் கூடிப் பேசியது.' வாக்கியம் நன்றாக இருக்கிறது, ஆனால் பொய். அண்ணன் பேசினார். அண்ணி, மூன்று பிள்ளைகள், நான், ஐந்து பேரும் கேட்டோம்.

"டெக்கு டிக்கெட்டே போதும். தெறந்த தட்டுல ஜமுக்காளத்த விரிச்சிக்கலாம். ஸ்டவ்வும் அரிசியும் எடுத்துக்கிட்டா லூர்து அங்கியே பொங்கிடும்."

லூர்தம்மாள் தலைகுனிந்து

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. என் அண்ணி தலைகுனிந்து நான் பார்த்ததில்லை.]

"கப்பல்ல கதவு வெச்ச ரூம்பு இருக்குதாமே," என்றார் அண்ணி. "எனக்கு ஒன்னு வேணும். ஒத்தையா."

அண்ணன் மென்றுகொண்டிருந்த வெற்றிலை அப்படியே உள்ளே போய்விட்டது.

"ரூம்பு எதுக்கு?"

"தாப்பா போட்டுக்க."

"யாரு வரப்போறான்னு தாப்பா?"

"யாரும் வரக்கூடாதுன்னுதான்."*

* எங்கள் வீட்டில் வாசலுக்குத்தான் கதவு. உள்ளே மூன்று நிலைகள் உண்டு, ஒன்றுக்கும் கதவில்லை. அதுவரை பதினேழு வருடமாக அண்ணி சேலை மாற்றியது கம்புக் குதிருக்குப் பின்னால். இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். நானும் அதே வீட்டில்தான் இருந்தேன்.

3

இப்படி ஒரு பெண் அந்தக் காலத்தில் கேட்டிருப்பாளா? எனக்கும் சந்தேகம் வந்து, ஒரு பிரதியில் அவரை நைலக்ஸ் சேலை கேட்க வைத்தேன். அண்ணன் உடனே வாங்கிக் கொடுத்துவிட்டார். கதை இரண்டாம் பக்கத்திலேயே செத்துப்போனது. ஆகவே அறையே இருக்கட்டும்.

அறைக்கு நாலு டெக்கு டிக்கெட்டின் விலை. அண்ணன் இரண்டு நாள் யோசித்துத் தந்திரம் ஒன்று கண்டுபிடித்தார்.

எங்கள் பக்கத்தில் புனிதத்தலம் போகிறவர்கள், எத்தனை ஏக்கர் இருந்தாலும், மடிப்பிச்சை எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார்கள். வீட்டுப் பெண்தான் மடியேந்துவாள். அந்தக் காசைப் பயணத்துக்கன்றி வேறெதற்கும் எடுக்கக் கூடாது. புருஷன் தொடவே கூடாது. பத்து வீடு போனால் இரண்டு ரூபாய் சில்லறை தேறும்.

அண்ணன் கோயில் பீடத்தின் முன்னால் நின்று பங்குச் சாமியாரிடம் சொன்னார்: "மடிப்பிச்சை எவ்வளவோ அவ்வளவுதாங்க சாமி செலவு. அதுக்கு மேல ஒரு பைசா கெடையாது." கப்பலும் கழன்றுவிடும், சந்தையில் மானமும் நிற்கும் என்பது அவர் எண்ணம்.

4

அண்ணி மடியேந்தினார். பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். முதல் வீடு காளியப்பனுடையது. அவர் மனைவி தீர்த்தம்மாள் நிலைப்படியில் நின்றார்.

"சவேரியாருக்குப் போறதுன்னா பஸ் காசுக்கு ஏது கொறச்சல் லூர்து?"

"பஸ் காசு இல்லீங்கக்கா." அண்ணி விஷயத்தைச் சொன்னார். கதவு. தாழ்ப்பாள். ஒரு நாள்.

தீர்த்தம்மாள் உள்ளே போனார். பானைகளை இறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து மடியில் போட்டது ஐந்து ரூபாய்த் தாள். அதில் அரிசித் தவிடு ஒட்டியிருந்தது.

"எம் பேரச் சொல்லி ஒருக்கா தாப்பா போட்டுடு."

அடுத்த வீடும் அப்படியே. அதற்கடுத்ததும். நாங்கள் பஸ் ஏறிப் பென்னாகரம் போவதற்குள் செய்தி முந்திக்கொண்டது. நடுவழியில் பெண்கள் பஸ்ஸை மறித்து மடியில் காசு போட்டார்கள். (இதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று சொல்ல மாட்டேன்.) அங்கே ஜானகியம்மாள் பத்து ரூபாய் கொடுத்தார்.

"எனக்கு ரெண்டு வாட்டி போடு. மொத வாட்டி எங்க மாமியா தட்டி, நான் தொறந்துட்டேன்னு வெச்சிக்கோ."

நூற்று அறுபத்துமூன்று வீடுகள். எழுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய். அறைக்கும் சேர்த்துப் போதும். அண்ணி ஒரு பெயரையும் எழுதிக்கொள்ளவில்லை. அந்த வீடுகளில் பாதியில் நான் மோர் குடித்திருக்கிறேன், உட்கார்ந்து கதையடித்திருக்கிறேன். ஒரு வீட்டிலும் ஒன்றும் என் கண்ணில் பட்டதில்லை. பையைக் கீழே இறக்கி வைத்தேன். பையின் கனம் என்று அண்ணியிடம் சொன்னேன்.

அண்ணன் அந்தப் பையையே பார்த்தார். தொடவும் முடியாது, பீடத்தின் முன் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கவும் முடியாது.

5

பம்பாயில் காலை பத்து மணிக்குக் கப்பல் கிளம்பியது. அண்ணி அறைக்குள் போனார். தாழ்ப்பாள் விழுந்தது. திறந்தது. விழுந்தது.

மதியம் ஒன்று. பிள்ளைகள் பசியென்று அழுதார்கள். அண்ணன் எழுந்து அறையை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே போனேன். இங்கே கதை பல திசையில் ஓடுகிறது.

(அ) அண்ணன் தட்டுகிறார். அண்ணி வந்து பொங்குகிறார். எழுதிப் பார்த்தேன், நான் கொடுமைக்காரன் ஆனேன்.

(ஆ) அண்ணனே பொங்குகிறார். எழுதிப் பார்த்தேன், நான் புளுகன் ஆனேன்.

(இ) கப்பல் வழிதவறி இன்னும் கோவா போய்ச் சேரவில்லை. இது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பிள்ளைகளுக்குப் பசி.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். அண்ணன் கதவின் முன் நின்று தட்டக் கையை ஓங்கினார். உள்ளே அண்ணியின் குரல் மெல்லக் கேட்டது: "பெரியம்மாள்." டக். "கோவிந்தம்மாள்." டக். பிறகு:

"மிக்கேலம்மாள்."

டக்.

மிக்கேலம்மாள் பிச்சை போடவில்லை. அவர் செத்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அவர் எங்கள் அம்மா.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

அந்தக் கையை நான் இறக்கப் போவதில்லை. எனக்கு அந்த யோக்கியதை இல்லை. பேனா இதோ, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதுமுன் உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

யாகப்பன் கையை