சந்துகளுக்குப் பெயர் வைத்த வருடம்

சர்வேயரை அந்தச் சேவைச் சங்கத்தில் இழுத்துப் போட்டது அவளுடைய அத்தான்தான். அக்காவின் கணவர், பல் டாக்டர். வாயைத் திறந்தபடி கிடக்கிற நோயாளியிடம் பேசிப் பேசியே பழகிப்போனவர், எதிராளி பதில் சொல்வதற்கு இடம் விடவேமாட்டார்.

"வாரம் பூரா ஆபீசுக்காக அளக்கறே. ஞாயித்துக்கிழமை நாலு பேருக்காக அளந்தா குறைஞ்சா போயிடுவே?" என்று அவர் பிடுங்கிய பிடுங்கல் தாங்காமல்தான் அவள் போனாள்.

டயர் கடைக்கு மேலே இருந்த ஒரு நீள அறையில் சங்கம் கூடும். ரப்பர் வாடை படியேறும்போதே மூக்கில் ஏறிவிடும். வேறு ஊரில், வேறு தெருவில் புது டயர் வாடை அடித்தால்கூட இன்றைக்கும் அவளுக்கு அது ஞாயிற்றுக்கிழமை வாடைதான். சங்கத்தில் விதி ஒன்றே ஒன்று. அவரவர் தொழிலைத்தான் ஊருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். அத்தான் பல் பிடுங்கினார். வக்கீலம்மா வாடகைத் தகராறுகளைத் தீர்த்து வைத்தார். போர்டு எழுதுகிற பெயிண்டர் பள்ளிக்கூடச் சுவர்களுக்கு உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் எழுதிக் கொடுத்தார். நிலம் அளக்கிறவளுக்கு மட்டும் ஒரு வேலையும் வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "வரிசை எப்படி நூல் பிடிச்ச மாதிரி இருக்கு பாருங்க, சர்வேயர் போட்டதாச்சே" என்று பெயிண்டர் கிண்டல் செய்வார். அவளும் சிரிப்பாள். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பயர் ஆபீசர் தாமதமாக வந்தார். தீயணைப்பு நிலையத்துக்குப் பொறுப்பானவர், அவரும் சங்கத்து உறுப்பினர். எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவர், அன்றைக்கு மூலையில் போய் உட்கார்ந்தார். அத்தான் கிளறியபிறகுதான் வாயைத் திறந்தார்.

ஊரின் மேற்குப் பக்கச் சரிவில் ஒரு வீடு எரிந்துபோயிருந்தது. அங்கே ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி வீடுகள். இடையிடையே படிக்கட்டுச் சந்துகள். யாரோ போன் செய்து, பச்சைக் கதவு வீட்டுக்கு அடுத்த வீடு என்று சொல்லியிருக்கிறார்கள்.

"மேல போய்ப் பாத்தா கதவெல்லாம் பச்சை. எவனோ பச்சை பெயிண்டை மொத்தமா கொண்டுவந்து வித்திருக்கான் போல. ஒவ்வொரு சந்தா ஏறி இறங்கி நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள கூரை விழுந்திடுச்சு. ஆளுங்க தப்பிச்சுட்டாங்க. ஒரு தையல்காரம்மா வீடு. மெஷினும் போச்சு, ஊர்க்காரங்க தைக்கக் கொடுத்த துணியும் போச்சு."

கீழே சக்கரத்தைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"வீட்டுக்கு நம்பர் கிடையாதா?" என்று சர்வேயர் கேட்டாள்.

"நம்பரை விடுங்கம்மா. சந்துக்கே பேர் கிடையாது."

அத்தான் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வக்கீலம்மா நகராட்சியில் நடையாய் நடந்து அனுமதி வாங்கினார். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை டேப்பும் கம்புமாக அவர்கள் சரிவுக்குப் போய் இறங்கினார்கள். வரவேற்பு பிரமாதமாகத்தான் இருந்தது: கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கண்கள் மட்டும் தெரிந்தன. அளக்க ஆள் வந்தால் அடுத்து இடிக்க ஆள் வரும் என்பது அந்தச் சரிவுக்கு அத்துப்படி.

வீடு எரிந்த தையல்காரம்மா அப்போது நாத்தனார் வீட்டில் தங்கியிருந்தாள். அவள் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்காகத்தான்ம்மா செய்யறோம்" என்றார் பயர் ஆபீசர். "நம்பர் இருந்திருந்தா அன்னிக்கு உங்க வீட்டை உடனே கண்டுபிடிச்சிருப்போம்."

"நம்பர் போட்டா எங்களைக் கண்டுபிடிக்கறது சுலபம்தான்" என்றாள் அவள். "யாரு யாரெல்லாம் கண்டுபிடிக்கப் போறாங்கங்கறதுதான் எங்க பயம்."

வக்கீலம்மா சட்டத்தை எடுத்துச் சொன்னார். அத்தான் தன் நயமான குரலில் அரை மணி நேரம் பேசினார். கதவு சாத்திக்கொண்டது. அந்தப் பெண் கேட்டதில் தப்பு ஒன்றும் இருப்பதாகச் சர்வேயருக்குப் படவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பெயிண்டர் மட்டும் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல், ஒரு பலகையை மடியில் வைத்து வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குடத்தோடு ஏறிவந்த ஒருவரிடம், "ஏங்க, இந்தச் சந்தை நீங்கல்லாம் என்னன்னு சொல்லுவீங்க?" என்று சும்மா கேட்டு வைத்தார்.

"மாவு மில் சந்து."

"யாரு சொன்னா?" என்றது எதிர் ஜன்னல். "மில் இருக்கறது அந்தப் பக்கம். இது மூச்சுவாங்கிச் சந்து. இதுல ஏறினா பேச்சு வராது, மூச்சுதான் வரும்."

"அது மேல் சந்துய்யா. இது முடக்குச் சந்து."

வாக்குவாதம் பற்றிக்கொண்டது. கதவுகள் திறந்தன. ஆளுக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு கதை. பெயிண்டர் தூரிகையைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டேயிருந்தார். கடைசியில் தையல்காரம்மாவுக்கே பொறுக்கவில்லை. தப்பான பேச்சைக் காதால் கேட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிற பிறவி இல்லை அவள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"முடக்குச் சந்துன்னு மொட்டையாச் சொல்லாதீங்க. அது மாமியார் திரும்பின முடக்கு. நான் கல்யாணமாகி வந்த புதுசுல எங்க மாமியார் என்கூட ஒரு மாசம் தங்கறேன்னு பெட்டியோட வந்தாங்க. அந்த முடக்குல நின்னு மேல பாத்தாங்க. அப்படியே திரும்பிப் போயிட்டாங்க. அதுலேருந்து நான் நிம்மதியா இருக்கேன்."

"எங்கம்மாவைச் சந்தி சிரிக்க வைக்கிறியா?" என்று நாத்தனார் உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

"உங்கம்மா பேர்லதான் சந்தே வைக்கறோம். பெருமைப்படு."

நாத்தனாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பில்தான் வேலை ஆரம்பமாயிற்று. ஆனால் தையல்காரம்மா கறாராக ஒரு நிபந்தனை வைத்தாள். வரைகிற படத்தில் ஒரு பிரதி சரிவிலேயே இருக்க வேண்டும். "எங்க எடத்தோட படம் உங்க கையில மட்டும் இருக்கக் கூடாது." சர்வேயர் தலையாட்டினாள். சொன்னபடி இரண்டு படம் வரைந்தாள். சரிவுக்கு வரைந்ததைத்தான் அதிக அக்கறையோடு வரைந்தாள்.

மழைக்கு முன்பு வரை ஞாயிறுதோறும் அதுதான் வேலை. டேப்பின் மறுமுனையைத் தையல்காரம்மா பிடித்தாள். "ரெண்டு பேருக்கும் பொழப்பு ஒண்ணுதான்க்கா. நீங்க பூமிக்கு அளவெடுக்கறீங்க, நான் ஆளுக்கு எடுக்கறேன். என்ன, பூமி இடுப்பை உள்ள இழுத்துக்காது." மேடம் என்பது எப்போது அக்கா ஆனது என்று இருவருக்குமே தெரியாது. சங்கத்தில் யாரோ ஒரு பழைய தையல் மெஷினைப் பிடித்துக் கொண்டுவந்து, டயர் கடை மெக்கானிக்கிடம் கொடுத்து எண்ணெய் போட்டு வாங்கினார்கள். அதை மேலே தூக்கிக்கொண்டு போனது பயர் ஆபீசரின் ஆட்கள். நாத்தனார் வீட்டு முன்னறையில் அது மறுபடி ஓட ஆரம்பித்தது.

எண் போடுவதில் வேறு வில்லங்கம். தீயணைப்பு வண்டி வந்து நிற்கிற கீழ்ப் பக்கத்திலிருந்து எண் தொடங்கட்டும் என்றாள் சர்வேயர். உச்சி வீட்டுப் பெரியவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. கொதிகலன் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர். "எல்லாருக்கும் மேல இருக்கறவன் நான். எனக்குக் கடைசி நம்பரா?" பெயிண்டர் அவருடைய எண்ணைச் சுற்றி மட்டும் சிவப்பில் கரை கட்டி, உள்ளே நிழல் எழுத்தாக எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் கரை கேட்டார்கள். பாவம், மனிதருக்குக் கை வீங்கிப்போனது.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் ஆபீசில் அவளுக்குப் போன் வந்தது. பயர் ஆபீசர்.

"உங்க பெரியவர் படியில வழுக்கி விழுந்துட்டார். இடுப்பெலும்பு. மருமக போன் பண்ணி மூச்சுவாங்கிச் சந்து, கடைசி நம்பர்னு சொல்லுச்சு. என் ஆளுங்க யார்கிட்டயும் வழி கேக்கலை. நேராப் போய்த் தூக்கிட்டு வந்துட்டாங்க."

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பெரியவர் இடுப்பு அசையாமலிருக்கக் காலில் கட்டோடு படுத்திருந்தார். அவளைக் கண்டதும், "மழையில சிவப்புக் கரை லேசா வழியுதும்மா. பெயிண்டர்கிட்ட சொல்லு" என்றார்.

அந்த வருடத்தைப் போல இன்னொரு வருடம் சங்கத்துக்கு வாய்க்கவில்லை. பயர் ஆபீசருக்கு மாற்றல் வந்தது. டயர் கடைக்காரர் கட்டடத்தை விற்றார். வாடகை அறைகளில் கொஞ்ச நாள் கூடிப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. பெயிண்டர் கண்பார்வை மங்கி மகனோடு போய்விட்டார். அத்தான் ஒரு காலையில் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இப்போது அக்கா வீட்டுக்குப் போனால் கேட்பதற்கு ஆளிருக்கிறது, பேசத்தான் ஆளில்லை.

ஓய்வுபெற்ற பிறகும் சர்வேயர் ரவிக்கை தைக்கச் சரிவுக்குத்தான் போகிறாள். எரிந்த வீட்டின் இடத்தில் தையல்காரம்மா எப்போதோ சிமென்ட் வீடு கட்டிக்கொண்டாயிற்று. போன மாதம் அளவு கொடுத்துவிட்டுக் கிளம்பியவளைத் தையல்காரம்மா நிறுத்தினாள்.

"மேல புதுசா ஒரு சந்து வந்திருக்குக்கா. பசங்களே பேர் வச்சு நம்பர் போட்டிருக்காங்க. ஒரு எட்டு வந்து பாருங்க."

முழங்கால் கெஞ்சியது. நின்று நின்று இருவரும் ஏறினார்கள். புதுச் சுவர், ஈரம் காயாத பூச்சு. மூலையில் ஒரு தகரப் பலகை: நெட்வொர்க் கிடைக்கும் சந்து. சரிவு முழுக்கத் தேடினாலும் போனில் சிக்னல் வருவது இங்கே மட்டும்தானாம். வீட்டு எண்கள் வாசலுக்கு வாசல் வெவ்வேறு உயரத்தில் இருந்தன. அவளுக்கு அதைச் சரிசெய்யத் தோன்றவில்லை. சிரிப்பு வந்தது. கூடவே, இதை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலத் தவிப்பாகவும் இருந்தது.

சுவரில் சாய்ந்துகொண்டு போனை எடுத்தாள். வெகுதூரத்து ஊரில் மணி அடித்தது.

"மேடம், நீங்களா? எங்கேருந்து பேசறீங்க?" என்றார் பயர் ஆபீசர். குரலில் முதுமை தட்டியிருந்தது.

அவள் சந்தின் பெயரைச் சொன்னாள். அவர் இருமல் வருகிறவரை சிரித்தார். சிரித்து முடித்து, "நம்ம பல் டாக்டர் இருந்திருந்தா இதை வச்சே ஒரு மணி நேரம் ஓட்டியிருப்பாரே" என்றார்.

"ரெண்டு மணி நேரம்" என்றாள் அவள்.

தையல்காரம்மா பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நாற்காலி வாங்கிவந்து போட்டாள். சர்வேயர் அதில் உட்கார்ந்து, வெயில் தாழும்வரை பேசிக்கொண்டிருந்தாள்.