நின்றதும் வந்த விழிப்பு

இரவுப் பணி முடிந்து வந்து படுத்தால், ஒரு மணி நேரத்தில் நர்ஸுக்குத் தூக்கிவாரிப் போடும். பிறகு பொட்டுத் தூக்கம் வராது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருமுறை கண்ணயர்ந்துவிட்டாள். இன்னொரு முறை என்றால் வேறு வார்டுதான் என்று தலைமை நர்ஸ் சொல்லியிருந்தார்.

அன்றும் திடுக்கிட்டு எழுந்து கூடத்துக்கு ஓடிவந்தாள். மாமியார் தினமும்போல் வாஷிங் மெஷினிலிருந்து துணியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சத்தத்துலதான முழிச்ச?"

"இல்ல அத்தை. அது ஓடுறப்பதான் தூங்கினேன். நின்னதும் முழிப்பு வந்துருச்சு."

"சத்தம் நின்னா முழிக்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன்!"

நர்ஸுக்குச் சட்டென்று விளங்கியது. வார்டில் சுவாசக் கருவியின் இரைச்சல் கேட்கும்வரை கவலையில்லை. நின்றால் ஓட வேண்டும். பழகிய காது வீட்டிலும் காவல் காத்திருக்கிறது!

மறுநாள் பரணிலிருந்த பழைய மேஜை விசிறியை இறக்கி, கடகடவென்று ஓடவிட்டுப் படுத்தாள். மெஷின் நின்றதே தெரியவில்லை. மாலைவரை அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள்.

அந்த வாரம் முழுக்க வார்டில் அவள் ஒரு கொட்டாவிகூட விடவில்லை.

"உன்ன இனி வேற எந்த வார்டுக்கும் விடமாட்டேம்மா. என்ன மாத்திரை போடுற?" என்றார் தலைமை நர்ஸ்.

"மாத்திரை இல்ல மேடம், மேஜை விசிறி. நான் எழுந்திருக்கிறவரை நிக்காம ஒரே சத்தம் கேட்டா போதும்."