விதை டப்பாவில் கால்சியம்

கருத்தையா எதையும் வீணாக்குகிற ஆள் இல்லை. விளாத்திகுளத்துப் பக்கம் மழையை நம்பி மிளகாய் போடுகிற சம்சாரிக்கு அந்தச் சொகுசு ஏது? அதனால்தான் கிராம நர்ஸ் காளீஸ்வரி மாசாமாசம் கொடுத்த கால்சியம் மாத்திரைகளை, மாசமாக இருந்த மனைவி முத்துச்செல்வியிடமிருந்து வாங்கி, விதை வைக்கிற தகர டப்பாவில் பத்திரப்படுத்தினான்.

கல்மனசுக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் பிரசவத்தில் பிரஷர் ஏறி அவளுக்கு வலிப்பு வந்தது; பிள்ளை தங்கவில்லை. அந்தப் பயம் இன்னும் அவனை விடவில்லை. ஆனால் போன வருசம் கன்று போட்ட எருமை எழ முடியாமல் விழுந்து கிடந்தபோது, மாட்டு டாக்டர் கழுத்து நரம்பில் கால்சியம் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் அது எழுந்து சோளத்தட்டை தின்றது. சரக்கு ஒன்றுதானே, முத்துச்செல்வி விழுந்தால் மொத்தமாகக் கொடுத்து எழுப்பிவிடலாம் என்று இவன் முடிவுகட்டிவிட்டான். இவ்வளவு பாசத்தோடு ஒரு மனுசன் தப்புச் செய்வானா என்று நமக்கே ஆத்திரம் வருகிறது.

எட்டாம் மாதம் காளீஸ்வரி பிரஷர் பார்த்தாள். பட்டையை அவிழ்த்துக் கட்டி மறுபடி பார்த்தாள்.

"தலை வலிக்குதா?"

"ரெண்டு நாளா வலிக்குதுக்கா" என்றாள் முத்துச்செல்வி.

ஆஸ்பத்திரிக்குப் போகத் துணிமணி எடுத்துவைக்க அவளை உள்ளே அனுப்பிவிட்டு, "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுதாளா அண்ணாச்சி?" என்று கேட்டாள் காளீஸ்வரி.

கருத்தையா டப்பாவைத் திறந்து பெருமையாகக் காட்டினான். "ஒண்ணுகூட வீணாக்கல. விழுந்தா குடுக்கலாம்னு வச்சிருக்கேன்." எருமைக் கதையையும் சொன்னான்.

காளீஸ்வரி டப்பாவை எட்டிப் பார்த்தாள். "இது விழுந்தவள எழுப்புத மருந்து இல்ல. தெனமும் உள்ள போனா பிரஷர் ஏறுத ஆபத்து கொறையும், அவ்வளவுதான். ஐப்பசி கார்த்திகைல பெய்ய வேண்டிய மழையெல்லாம் தை மாசம் செடி கருகுன பெறகு ஒரே நாள்ல கொட்டுனா, மொளகா பொழைக்குமா?"

கரிசல்காட்டுக்காரனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. டப்பாவை அவளிடம் நீட்டினான்.

"இப்ப குடுத்தா?"

"இப்ப கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும். பிரஷரக் கொறைக்க அங்கன மருந்து இருக்கு. வண்டி பிடிங்க."

வேனில் முத்துச்செல்வி அவன் தோளில் சாய்ந்திருந்தாள். காளீஸ்வரி முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"ஏங்க" என்றாள் முத்துச்செல்வி, கண்ணைத் திறக்காமல். "டப்பாவ எடுத்துட்டீங்களா?"

"ம்."

"நல்லவேளை. அது இருக்குன்னுதான் பயப்படாம வாரேன்."

டப்பா வீட்டில் கிடந்தது. கருத்தையா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். "கொஞ்சம் வெரசா விடுங்கண்ணாச்சி" என்று டிரைவரிடம் சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.