மூன்றாம் மாடிக்கு ஏறிய கழுதை

நாற்பத்தாறு வயதில் மாக்கிறட் டீச்சர் மன்னார் டவுனில் வாடகைக்கு வீடு எடுத்தபோது, அதுவரை முருங்கனில் அவளோடு ஒரே வீட்டில் இருந்த தம்பி சிங்கராசா கோபித்துக்கொண்டான். கலியாணம் கட்டாத அக்கா தனியே இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்பது அவன் கவலை. இனித் தன் பிள்ளைகளுக்கு யார் கணக்குச் சொல்லிக்கொடுப்பது, யார் மீன் வெட்டுவது என்ற கவலைகளை அவன் வெளியே சொல்லவில்லை.

"டவுன் பள்ளிக்கூடத்துக்கு விடிய ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ் எண்டு தொங்குறது நான். ஊர் இல்லை," என்றுவிட்டுப் போனாள்.

யுத்தம் முடிந்து நாலு வருடம். வங்கிகளும் அரச கந்தோர்களும் வந்து குவிய, டவுனில் வீட்டுக்கு அடிபிடி. இரும்புக்கடை ஜமால்தீன் தன் கடைக்கு மேலேயே மாடிகளைக் கட்டியிருந்தார்.

"இந்தத் தட்டை ஊரில மலை ஏது? மலை பார்க்கிறதெண்டால் பதுளைக்குப் போகோணும் டீச்சர். இல்லாட்டி என்ர மூண்டாம் மாடிக்கு வரோணும்," என்றார்.

நிபந்தனைகளும் மலையளவு. கருவாடு பொரிக்கக் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது. மேலதிக ஆட்கள் கூடாது. மிருகங்கள் கூடவே கூடாது.

"படிக்கட்டுக்குத் தெருவாசலில கேற் இல்லையே, முதலாளி?"

"அடுத்த கிழமை போடுவன்," என்றார், கடை நிறைய இரும்புக் கேற்றுக் கதவு வைத்து விற்கிறவர்.

இரண்டு மாதம் போயிற்று. கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மழை கொட்டியது. கதவைத் திறந்து வைத்துவிட்டு மாக்கிறட் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றாள். படியில் பாரமான காலடி கேட்டது. தம்பி கோபம் ஆறி வருகிறான் என்று நினைத்து, "வா, கதிரையில இரு," என்று குரல் கொடுத்தாள். தேத்தண்ணியோடு வந்து பார்த்தால், முன்னறை ஹோல் நடுவே ஒரு கழுதை நனைந்துபோய் நின்றது.

சொந்தக்காரன் இல்லாமல் கழுதைகள் அலையும் மன்னார்த் தெருவில் அதைக் கண்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூன்றாம் மாடியில் கண்டவள் இவள்தான்.

அவள் போட்ட சத்தம் கேட்டு ஜமால்தீன் ஓடி வந்தார். "மிருகம் கூடாதெண்டு சொன்னனான்தானே!"

"நான் கூட்டிக்கொண்டு வரேல்லை முதலாளி. உங்கட கேற் இல்லாத வாசலால அதுவாத்தான் வந்தது."

கடையாட்கள் நால்வர் கயிறு கட்டி இழுத்தார்கள். கழுதை முதல் படிவரை வந்து கீழே பார்த்தது, காலை ஊன்றிக்கொண்டது. அந்த நேரம் உண்மையாகவே சிங்கராசா குடையோடு வந்து சேர்ந்தான்.

"இதுக்குத்தான் தனிய இருக்க வேண்டாமெண்டு சொன்னனான், அக்கா."

"கழுதை வருமெண்டு சொன்னனியே?"

அவன் குடையை மடக்கி வைத்துவிட்டுப் போய்க் கழுதையைப் பின்னாலிருந்து தள்ளினான். தொடையில் ஒரு உதை வாங்கினான். கழுதை திரும்பிப் போய் ஹோலில் படுத்துக்கொண்டது. அப்போதுதான் ஜமால்தீனின் மனைவி உம்மு ஸல்மா மேலே வந்து அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"யா அல்லாஹ்! பெறப்போற சீவனையா இழுத்துக்கொண்டு நிக்கிறீங்கள்?"

ஆண்கள் அத்தனை பேரும் படிக்கட்டுக்கு ஓடிவிட்டார்கள். ஒரு மணித்தியாலத்தில் மாக்கிறட்டின் புதுப் பாயில் குட்டி கிடந்தது. அவள் தன் துவாயால் அதைத் துடைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது ஏனென்று அவளுக்கே விளங்கவில்லை.

"மேலதிக ஆள்," என்று முணுமுணுத்தார் ஜமால்தீன்.

மழை விட்டபோது குட்டி நான்கு காலில் நின்றது. "குட்டியைத் தூக்குங்கோ. தாய் பின்னால வரும்," என்றாள் உம்மு ஸல்மா கணவனிடம். அவர் வெள்ளைச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்கினார். தாய் மேலே நின்று தெருவே அதிரக் கத்தியது. பிறகு சுவரை உரசி, பெயின்றைப் பெயர்த்து, படி படியாக இறங்கியது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் குட்டி முதலாளியின் மேல் ஒன்றுக்குப் போனது.

"டீச்சர்! இந்த மாசத்தோட வீட்டை விட்டு எழும்பிடுங்கோ!" என்று கீழிருந்து கத்தினார்.

"அவ எழும்ப மாட்டா. நீங்கள் போய்க் குளியுங்கோ," என்றாள் உம்மு ஸல்மா. தெருவே சிரித்தது. அன்று பின்னேரமே படிக்கட்டுக்குக் கேற் போட்டார்கள்.

மேலே சிங்கராசா நொண்டி நொண்டி அக்காவின் உடுப்புகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். "போவம் அக்கா. இது மனுசர் இருக்கிற இடமில்லை."

மாக்கிறட் பையைப் பிடுங்கி வைத்துவிட்டு, அவன் கையில் தும்புத்தடியைக் கொடுத்தாள். ஹோல் முழுவதையும் அவன் உரஞ்சிக் கழுவினான். இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டான். போகும்போது வாசலில் நின்று, "வாற சனி பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வரட்டோ?" என்று கேட்டான்.

"வெள்ளிக்கிழமை போன் எடு. யோசிச்சுச் சொல்லுறன்," என்றாள் மாக்கிறட்.