கை சரிவந்த பிறகு

பத்திநாதருக்குப் பிரெஞ்சு தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் அவருக்கு வரவில்லை. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி இறக்கிக்கொண்டு, ஒரு 'போன்ஜூர்', ஒரு 'மெர்சி' இரண்டையும் வைத்தே மனிதர் மொன்றியலில் வீடு வாங்கினார், மகளைப் படிப்பித்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவுக்குக் கிற்றாரும் வாசித்தார். மிச்சப் பிரெஞ்சு முழுவதற்கும் மகள் றொஷினி இருந்தாள். வரிக் கந்தோர் அதிகாரி, பல் டொக்டர், கூரையால் தண்ணீர் ஒழுகினால் திருத்த வருகிறவன், யாராக இருந்தாலும் சின்ன வயதிலிருந்து அவள்தான் அந்த வீட்டின் வாய்.

அதனால்தான் டவுன்டவுன் ஆஸ்பத்திரியில் நரம்பு டொக்டருக்கு முன்னாலும் அவள் நடுக்கதிரையில் இருந்தாள். ஒரு பக்கம் அப்பா, மற்றப் பக்கம் அம்மா றோசா. அப்பாவின் இடது கையில், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருந்த சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. தேத்தண்ணிக் கோப்பை அடிக்கடி நழுவியது. அதற்குத்தான் இவ்வளவு சோதனையும்.

டொக்டர் சுற்றி வளைக்கவில்லை. நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற நோய் என்றார். முதலில் கை, பிறகு கால், பிறகு மூச்சு. குளிசை கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது. பிறகு பேனையை மேசையில் வைத்துவிட்டு, மெதுவாக இன்னொன்றும் சொன்னார். "கையால் செய்ய ஆசைப்பட்டது ஏதாவது இருந்தால் இன்றைக்கே செய்யச் சொல்லுங்கள். எதற்காகவும் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்."

றோசாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மகளின் முகம் விளங்கியது. மேசைக்குக் கீழே மகளின் துடையில் நகம் பதியக் கிள்ளினாள். அந்தக் கிள்ளலின் பொருள் றொஷினிக்குத் தெரியும். றோசாவின் தமையன் தம்பிமுத்துவுக்குப் புற்றுநோய் என்று ரொறன்ரோவில் ஒரு டொக்டர் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டார். மனிதர் அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், எழும்பவேயில்லை. புற்றுநோய் கொல்லவில்லை, சொன்ன வாய்தான் கொன்றது என்று செத்தவீட்டில் றோசா குழறினாள். வந்திருந்த சனமெல்லாம் ஓம், ஓம் என்றது.

"என்னவாம் பிள்ளை?" என்றார் பத்திநாதர்.

"நரம்புத் தளர்ச்சியாம் அப்பா. குளிசை போடப்போட மெல்லமெல்லச் சரிவருமாம்."

"அப்பாடா! நான் என்னென்னவோ எல்லாம் நினைச்சிட்டன். கிற்றார் வாசிக்கலாமோ எண்டு ஒருக்காக் கேள்."

றொஷினி டொக்டர் பக்கம் திரும்பி, வேறு கேள்வி இல்லை, நன்றி என்றாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள். பொய்க்குப் பத்தியமும் வேண்டுமே! வெறுமனே சரிவரும் என்றால் யார் நம்புவார்கள்?

"கொஞ்சக் காலம் கைக்கு ஓய்வு குடுக்கட்டாம். பேந்து வாசிக்கலாமாம்."

என்ன செய்ய, சொல்லியாகிவிட்டது.

பத்திநாதர் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டார். அவருக்கு நெடுநாள் ஆசை ஒன்று இருந்தது. தன் அளவுக்கு, தன் காதுக்கு, மரத்திலிருந்து தொடங்கிச் செய்வித்த ஒரு எலெக்ட்ரிக் கிற்றார். இத்தனை வருடமும் இரவல் பெட்டிக் கிற்றாரோடு சமாளித்தவர். "எப்பிடியும் ஓய்வெல்லோ. கை சரிவந்த பிறகு ஒரு நல்ல சாமான் கையில இருக்கவேணும்" என்றார். நோயாளி மாதிரியா இருந்தார்? கலியாணம் பேசப் போகிற ஆள் மாதிரி இருந்தார்.

அது மொன்றியலை ஒட்டிய லவால் நகருக்கு மெற்றோ வந்த வருடம். புது ரயிலில் அப்பாவும் மகளும் கிற்றார் செய்யும் றெஜான் என்பவரின் பட்டறைக்குப் போனார்கள். அவர் தாடியெல்லாம் மரத்தூள். சுவரில் செய்து முடித்த கிற்றார்கள் தொங்கின. மேசையில் பலகைகள்.

முதலில் உடலுக்கு மரம். றெஜான் பாஸ்வுட் பலகையைத் தள்ளிவைத்தார். எடை குறைவு, தோளை வருத்தாது. பத்திநாதர் அதைச் சுண்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மகோகனித் துண்டை வலது கையால் தூக்கிக் காதோடு வைத்துத் தட்டினார். இன்னொரு முறை தட்டினார்.

"இதுதான் பிள்ளை. கேட்டனியோ?"

"பாரம் அப்பா. மற்றது லேசு."

"லேசு ஆருக்கு வேணும்? நான் என்ன கிழவனே?"

அடுத்தது கழுத்து. மேப்பிள் மரத்தில் மாதிரிக்குக் கடைந்த கழுத்துகள் வரிசையாகக் கிடந்தன, மெல்லியதும் தடித்ததும். இடது கையால் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். மெல்லியது கைக்குள் அடங்கியது. தடித்ததைப் பிடித்தபோது பெருவிரல் வழுக்கி விலகியதை றொஷினி பார்த்தாள். றெஜானும் பார்த்தார். பத்திநாதர் மட்டும் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் கணக்கெடுக்கவில்லை. "தடிச்சது. தடிச்சதிலதான் சத்தம் நிண்டு கேக்கும்" என்றார்.

றெஜான் றொஷினியைப் பார்த்து, தாழ்ந்த குரலில் பிரெஞ்சில் கேட்டார். "உங்கள் அப்பாவின் கைக்கு என்ன?"

"ஒன்றுமில்லை, குணமாகி வருகிறது" என்று பிரெஞ்சிலும் பொய் சொன்னாள் அவள்.

றெஜான் சுவரில் இருந்து கிற்றார் ஒன்றை இறக்கினார். நீல நிறம், மெல்லிய கழுத்து, லேசான உடல். இவருக்கு வாசிக்கத்தான் ஆசையென்றால் இதை இன்றைக்கே கொண்டு போகட்டும், கம்பியை நான் தாழ்த்தி விடுகிறேன், அழுத்த இலகுவாக இருக்கும் என்றார். றொஷினி ஒரு சொல் விடாமல் அதைத் தமிழில் சொன்னாள். அந்த வருடம் அந்தக் கையைப் பற்றி அவள் அப்பாவுக்குச் செய்த ஒரே நேர்மையான மொழிபெயர்ப்பு அதுதான். ஆண்டவரே, ஓம் எண்டு சொல்லட்டும், ஓம் எண்டு சொல்லட்டும் என்று உள்ளுக்குள் மன்றாடினாள்.

பத்திநாதர் சிரித்தார். "சுவரில தொங்கிறதை வாங்கவோ நாங்கள் லவால் வரைக்கும் வந்தனாங்கள்? இண்டைக்குக் கொண்டுபோய் என்ன செய்யிறது, பிள்ளை? டொக்டர் ஓய்வெண்டெல்லோ சொன்னவர்."

இந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கலாம். முழுவதையும் வேண்டாம், ஓய்வு தேவையில்லை அப்பா என்ற ஒன்றை மட்டும். வாயைத் திறந்தாள். அம்மாவின் நகம் துடையில் இன்னும் இருப்பது போலிருந்தது.

"சரியப்பா" என்றாள்.

அதன் பிறகு எல்லாம் அவர் விருப்பம்தான். கம்பியின் அதிர்வை வாங்கிச் சத்தமாக்குகிற காந்தச் சுருளுக்குப் 'பிக்கப்' என்று பெயர். கடைச் சரக்கு உடனே கிடைக்கும். கையால் சுற்றித் தருகிற ஒருவர் கியூபெக் நகரத்தில் இருக்கிறார், ஆனால் பனிக்காலம் வரை காத்து நிற்கவேண்டும். "நிற்பம்" என்றார் பத்திநாதர். மரம் இன்னும் காயவேண்டும் என்றார் றெஜான். "காயட்டும்." கம்பியிலும் தடித்த கம்பி. திரும்பி வரும்போது ரயிலில் மகளின் தோளைத் தட்டி, "கிற்றார் முடியக் கையும் சரிவந்திடும். கணக்காத்தான் இருக்கு" என்றார். றொஷினி கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறே பழைய கிற்றாரைக் கோயிலில் பாடகர் குழுத் தலைவி சிசிலியிடம் கொடுத்துவிட்டார். வீட்டில் கிடந்தால் கை சும்மா இராது, எடுத்து வாசித்துவிடுவேன் என்ற பயம். அவ்வளவு ஒழுங்காகப் பத்தியம் காத்தார் மனிதர்! இடது கைக்குக் கம்பளியுறை போட்டு, தலையணைமேல் குழந்தையைப் போலக் கிடத்தினார். காலையில் றோசா எண்ணெய் தேய்த்துவிட்டாள். குளிசை ஒன்று தவறவில்லை.

அந்தக் கோடையில் விரல்கள் இன்னும் உயிரோடுதான் இருந்தன. தொலைக்காட்சியில் பாட்டுப் போனால் கதிரையின் கைப்பிடியில் அவை தாமாகவே சுரம் பிடித்து அழுத்தும். உடனே பிழை செய்த பிள்ளை மாதிரிக் கையை எடுத்துத் தலையணையில் வைத்துக்கொள்வார். றொஷினி அதைப் பார்த்துவிட்டு, சமைத்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம் குசினிக்குள் போவாள்.

"அம்மா, சொல்லுவமே. இப்ப எண்டாலும் வாசிப்பார்."

"வாயை மூடு. கிற்றார் வரும் வரும் எண்டுதான் அந்த மனிசன் உயிரைப் பிடிச்சுக்கொண்டு இருக்குது. அதையும் பறிக்கப் போறியோ?"

இலை உதிர்ந்தபோது சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல் போனது. இயேசு பிறந்த நத்தாருக்குப் பாடகர் குழு அவரில்லாமல் பாடியது; அவர் கோயில் வாங்கில் சனத்தோடு சனமாக இருந்து கேட்டார். அந்த வருடம் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. படி ஏறக் கால் இழுத்தது. "ஓய்வு போதாது போல" என்றார் பத்திநாதர். வலது கைக்கும் உறை போட்டார்.

பங்குனி மாதம், கிற்றார் முடிந்துவிட்டது என்று றெஜான் அழைத்தார். அப்பாவால் வர ஏலாது என்று றொஷினி சொல்ல, அவரே பனிக்குள்ளால் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்தபோது றோசாகூட வாயில் கை வைத்தாள். மகோகனி செம்மண் நிறத்தில் மினுங்கியது. ஐயோ, எவ்வளவு வடிவான சாமான்!

றெஜான் அதைச் சின்ன ஒலிபெருக்கியில் இணைத்து, பத்திநாதரின் மடியில் வைத்தார். பாரம் தாங்காமல் அவரின் துடை நடுங்கியது. வலது கையால் இடது கையைத் தூக்கிக் கழுத்தில் வைத்தார். தடித்த கழுத்து. விரல்களைக் கம்பியில் அழுத்தினார். விரல்கள் கம்பியில் கிடந்தன, அவ்வளவுதான். நெற்றி வியர்த்தது. மறுபடி முயன்றார். மூன்றாம் முறை கை வழுக்கி மடியில் விழுந்தது.

றெஜான் றொஷினியை ஒரு பார்வை பார்த்தார். கோபமா, இரக்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார்.

"பிள்ளை" என்றார் பத்திநாதர். "அண்டைக்கு டொக்டர் என்ன சொன்னவர்? அவர் சொன்ன மாதிரியே சொல்லு."

"இஞ்சாருங்கோ, அவளைப் போட்டு ஏன்…" என்று றோசா ஓடிவந்தாள்.

"நீர் கொஞ்சம் பேசாமல் இரும்."

றொஷினி சொன்னாள். நரம்பு, கை, கால், மூச்சு, ஒன்றும் விடவில்லை. கடைசியில் டொக்டர் பேனையை வைத்துவிட்டுச் சொன்னதையும் சொன்னாள். கையால் செய்ய ஆசைப்பட்டதை இன்றைக்கே செய்யட்டும், எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

றோசா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவர் இப்போது விழுவார் என்று. அவர் விழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பவும் இல்லை. மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த நீலத்தை எடுத்திருப்பன்" என்றார். "நத்தார் வரைக்கும் வாசிச்சிருப்பன். பழசைக்கூடக் குடுத்துப்போட்டன், பாரன்."

"அப்பா…"

"ஓய்வெண்டு சொன்னதும் அவரோ?"

"இல்லையப்பா. அது நான் சொன்னது."

அவர் தலையை ஆட்டினார். உரத்துப் பேசியிருந்தால், ஏசியிருந்தால், கன்னத்தில் ஒன்று போட்டிருந்தாலும் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் வலது கையால் கம்பிகளை ஒருமுறை தடவினார். எந்தச் சுரமும் பிடிக்காத வெறும் கம்பிகளின் சத்தம் நெடுநேரம் நின்று கேட்டது. அவர் சொன்னது சரிதான், நல்ல மரம்.

சத்தம் அடங்கியதும் அவர் மனைவியைப் பார்த்தார்.

"இஞ்சாரும் றோசா. வாற கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகேக்கை கோயில்ல தமிழும் பிரெஞ்சும் தெரிஞ்ச வேற ஆரையும் கேட்டுக் கூட்டிவாரும். இவள் வரவேண்டாம்."

"சரியப்பா" என்றாள் றொஷினி.