கெடுத்து வைக்கும் மேடம்

அந்தப் பாலிடெக்னிக்கின் எலெக்ட்ரிக்கல் பிரிவுக்குத் தலைவர் சீனிவாசராகவன். அவருக்கு, தன் பிரிவில் வேலை பார்த்த பிரிஜெட் மேடம் பாடம் நடத்தும் விதம் வெகுநாள் வரை பிடிபடவேயில்லை. மற்ற ஆசிரியர்கள் ஓடுகிற மோட்டாரைக் காட்டிப் பாடம் சொல்வார்கள். பிரிஜெட்டோ காலையில் எல்லோருக்கும் முன்னால் லேபுக்கு வந்து, நன்றாக ஓடும் மோட்டாரை ஏதாவது செய்து படுக்க வைத்துவிடுவார். ஒரு நாள் ஃபியூஸைப் பிடுங்கியிருப்பார், இன்னொரு நாள் ஒரு கம்பியைத் தளர்த்தியிருப்பார். பிள்ளைகள் வந்ததும், "இது ஓட மாட்டேங்குது. ஏன்னு நீங்கதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகள் அவருக்குக் கன்னடத்தில் 'ஹாளு மாடோ மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கெடுத்து வைக்கிற மேடம் என்று அர்த்தம். அது பிரிஜெட்டின் காதுக்கும் போயிருந்தது. அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

ஒரு மழைநாள் மதியம் பரீட்சை வேலை பற்றிக் கேட்பதற்காக சீனிவாசராகவன் லேபுக்குள் எட்டிப் பார்த்தார். "வந்ததுதான் வந்தீங்க, நீங்களும் ஒரு கை பாருங்களேன் சார்" என்றார் பிரிஜெட். இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போகலாம் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். முதலில் சொன்னது தப்பு. அடுத்ததும் தப்பு. பக்கத்தில் நின்ற ஷோபா என்ற மாணவி, "சார், அத நாங்க அப்பவே பாத்துட்டோம்" என்று மரியாதையாகச் சொன்னாள். விடாமல் தோண்டித் துருவி ஒருவழியாகக் கண்டுபிடித்தபோது பிரின்சிபால் கூப்பிட்டிருந்த மீட்டிங்கே முடிந்துபோயிருந்தது.

அன்று மல்லேஸ்வரத்து வீட்டில் காபியை ஆறவிட்டு அவர் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மாளவில்லை. அவர் மனைவி அனந்தலக்ஷ்மி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஏன்னா, காலேஜைப் பத்தி நீங்க இத்தனை சந்தோஷமாப் பேசி நான் கேட்டதே இல்லை. அந்தம்மாவுக்கு யாராவது ஒரு அவார்டு குடுக்கப்படாதோ?" என்றார்.

அந்தக் கேள்வி அவர் மனதில் தைத்துவிட்டது. தொழில்நுட்ப ஆசிரியர்களில் புதுமையாகக் கற்பிப்பவர்களுக்கு ஒரு சங்கம் வருஷா வருஷம் விருது கொடுத்து வந்தது. அதற்கு பிரிஜெட்டின் பெயரை அனுப்பினார்.

"எதுக்கு சார் இதெல்லாம்? மெஷினைக் கெடுக்கறதுக்கு அவார்டா?" என்று பிரிஜெட் சிரித்தார். ஆனால் அந்த வாரமே விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்ததை அவருடைய கணவர் தியோடர் போனில் சீனிவாசராகவனிடம் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வகுப்பை நேரில் பார்க்கச் சங்கத்திலிருந்து இருவர் வந்தார்கள். ரூபினி ஒரு பொறியியல் கல்லூரிப் பேராசிரியை. கூட வந்த பெரியவர் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் பின்வரிசையில் சீனிவாசராகவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தன் பெண்ணைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் இப்படிப் பதறியதில்லை.

அன்று பிரிஜெட் பிடுங்கி வைத்திருந்தது ஒரு ஃபியூஸை. மின்சாரம் வரும் மூன்று ஃபேஸில் ஒன்று வராவிட்டால் மோட்டார் உறுமும், சுற்றாது. பிள்ளைகள் கூடிப் பேசி, மீட்டர் வைத்துப் பார்த்து, அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஷோபா புது ஃபியூஸைப் போட்டுவிட்டு பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

மோட்டார் மறுபடியும் உறுமியது. சுற்றவில்லை.

பிரிஜெட் சட்டென்று சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்தினார். "ஓ, ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு ஃபால்ட்டு. பிரமாதம்" என்று பெரியவர் முணுமுணுத்தார். சீனிவாசராகவனுக்கு மட்டும் பிரிஜெட்டின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இது அவர் வைத்ததல்ல. பெருமாளே, இந்தம்மா பேசாம இருந்துடட்டும், ரெண்டும் இவங்களோடதுதான்னு வந்தவா நினைச்சுக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார்.

பிரிஜெட் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "இந்த ரெண்டாவது நான் வச்சதில்ல. காலைல நல்லா ஓடிச்சு. இப்ப என்ன ஆச்சுன்னு எனக்கும் தெரியல."

தினேஷ் என்ற பையன், "நிஜமாவா மேடம்?" என்று கேட்டான்.

"நிஜமாத்தான். வாங்க, சேர்ந்து பாக்கலாம்."

கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு ஸ்டூலை விட்டு எழுந்து போய்ப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்றார். அதற்குப் பிறகு அந்த அறையே வேறு மாதிரி ஆகிவிட்டது. மற்ற நாட்களில் விடை மேடத்தின் மண்டைக்குள் இருக்கும், அதைப் பிடுங்கினால் போதும். இன்று அது யார் மண்டையிலும் இல்லை. சுவரோடு சாய்ந்து நின்றவர்கள்கூட மோட்டாரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"பேரிங் இறுகிப் போயிருக்கும்னு தோணுது" என்றார் பிரிஜெட். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டு தினேஷ் மோட்டாரின் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தான். அது வெண்ணெய் மாதிரிச் சுற்றியது.

"உங்க கெஸ் தப்பு மேடம்."

"சரி, தப்பு. அடுத்தது சொல்லுங்க."

வகுப்பு முடியும் மணி அடித்தது. ஒருவரும் பையைத் தொடவில்லை. பெரியவர் இன்னொரு கல்லூரிக்குப் போக வேண்டுமென்று எழுந்தார். "நீங்க போங்க சார், நான் ஆட்டோவில வந்துடறேன்" என்ற ரூபினி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய், வளையல்களைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, மோட்டாரை ஓடவைக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வெளிச்சம் விழும்படி செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஷோபா அந்தப் பெட்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "மேடம், ஸ்டார்ட்டர் உள்ள மூணு ஃபேஸும் வருதான்னு பாத்தோம். அதுலேந்து வெளிய மூணும் போகுதான்னு நாம பாக்கவே இல்லையே" என்றாள்.

மோட்டாருக்குப் போகும் கம்பிகளைக் கழற்றிவிட்டு, மின்சாரத்தைப் போட்டு அளந்தார்கள். இரண்டு ஃபேஸ்தான் வெளியே போனது. மறுபடி மின்சாரத்தை அணைத்து, ஸ்டார்ட்டருக்குள் இருந்த சுவிட்சைத் திறந்தபோது, ஒரு செம்பு முனை கரிக்கட்டையாகக் கருகியிருந்தது. அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்துப் பொருத்தினார்கள். மோட்டார் ஓடியது. விருது, வந்தவர்கள் எல்லாவற்றையும் மறந்துவிட்டு பிரிஜெட் ஷோபாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அவள் கண்ணாடியே கழன்று விழப் பார்த்தது.

ரூபினி போன பிறகு பிரிஜெட் தலைவரின் அறைக்கு வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "உங்க பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டேன் சார்."

சீனிவாசராகவன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "நீங்க வாயைத் திறக்கக் கூடாதுன்னு நான் பெருமாளை வேண்டிண்டேன் மேடம். நல்லவேளை, அவர் காதுல விழலை."

பிரிஜெட் சிரிக்க ஆரம்பித்தவர், நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேண்டீனிலிருந்து டீ வரவழைத்துக் குடித்தார்கள்.

சில மாதங்களுக்குப் பிறகு விருது வந்தது. விழா மேடையில் பாராட்டுரை வாசித்தவர் ரூபினி. "புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிக் கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். தெரியாத ஒன்றின் முன்னால் எப்படி நிற்பது என்று இவர் சொல்லிக் கொடுத்தார். நான் இத்தனை வருஷத்தில் என் வகுப்பில் தெரியாது என்று சொன்னதில்லை. இவரைப் பார்த்த மறுவாரம் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை, பிள்ளைகள் கிட்டே வந்தார்கள்" என்று எழுதியிராததையும் சேர்த்துச் சொன்னார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கன்னடத்தில் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். பிரிஜெட் மேடையிலிருந்தே விரலை ஆட்டி மிரட்டினார்.

கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்த தியோடர், சீனிவாசராகவன் காதோடு, "ஊருக்கெல்லாம் மோட்டார் பாக்கறா சார். வீட்டு மிக்ஸி நின்னுச்சுன்னா மட்டும் நான்தான் கடைக்குத் தூக்கிட்டுப் போவணும்" என்றார்.

"கெட்டுப்போனா ஏன்னு உங்களைக் கேப்பாங்களோ?"

"அதான் சார், கேட்டுட்டு ஸ்டூல் போட்டு உக்காந்துக்கறா."

விழா முடிந்ததும் இரண்டு தம்பதிகளுமாக நால்வரும் மல்லேஸ்வரத்துக்கு வந்து, இடம் கிடைக்கும் வரை ஹோட்டல் வாசலில் நின்று, உள்ளே போய் தோசை சாப்பிட்டார்கள். அனந்தலக்ஷ்மி விருதுக் கேடயத்தைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மேஜையில் வைத்தால் சாம்பார் பட்டுவிடுமாம். சாப்பிட்டு முடியும்வரை அதை யாரிடமும் தரவில்லை.