கொட்டிலில் மிஞ்சிய குதிரை

எங்கள் எசமான் தோன் சாத்துர்னினோவை ஒரே வாயால் வாழ்த்தவும் வையவும் தெரிந்தவர்கள் எங்கள் பாம்பா சமவெளிக்காரர்கள். நானும்தான். மாட்டுத் திருடர்கள் எங்களைச் சூறையாடிய காலத்தில் தன் பண்ணையாட்களுக்கு ஈட்டி கொடுத்துக் காவல் நின்றவர் அவர். மரமே இல்லாத இந்த மண்ணில் என் வீட்டுக் கூரையைத் தாங்கும் உத்திரம் அவர் தந்தது. பிறகு மாகாணமே அவர் கைக்குள் வந்தது. அவருடைய நீல ரிப்பனைச் சட்டையில் குத்தாதவனுக்குச் சவுக்கடி விழுந்தது.

என் கணவன் அன்செல்மோ குதிரை பழக்குபவன். துறைமுகத்துக்காரர்களோடு சண்டைக்கு எசமான் ஆள் கூப்பிட்டபோது நான் பிள்ளைத்தாய்ச்சி. "குழந்தை பிறக்கட்டும் எசமான், அப்புறம் சண்டைக்கு வர்றேன்" என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில், எல்லார் கண்ணெதிரிலும், அவனைப் பெட்டைக் குதிரையில் ஏற்றிச் சுற்றவிட்டார் எசமான். மீசை முளைத்த எவனும் எங்கள் பக்கம் பெட்டையில் ஏறமாட்டான். ஊர் கைகொட்டிச் சிரித்தது. அந்த மானக்கேட்டைக் கழுவ, அடுத்த சண்டையில் முன்வரிசைக்குப் போய் ஈட்டிக்கு நெஞ்சைக் காட்டினான் அன்செல்மோ. மகனை அவன் பார்க்கவே இல்லை.

மகன் நடை பழகிய கோடையில் துறைமுகத்துப் படை எசமானைத் தோற்கடித்தது. நுரை தள்ளிச் சாகக் கிடந்த குதிரையோடு, நண்பகலில் என் வாசலில் வந்து நின்றார். தூரத்தில் எதிரிகளின் புழுதி தெரிந்தது.

"காசில்தா, குதிரை இருக்கா?"

"உங்க ஆளுங்களே சண்டைக்குன்னு எல்லாத்தையும் ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்களே எசமான். ஒண்ணுதான் மிச்சம். அது பெட்டை."

திட்டிவிட்டு நடந்தே போவார் என்று சத்தியமாக நினைத்தேன். அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. சேணத்தை மாற்றிப் போட்டு ஏறி உட்கார்ந்தார்.

"குதிரைன்னா குதிரைதானே? நாலு காலு இருக்குல்ல?"

இவருக்கே நம்பிக்கையில்லாத ஒரு வெட்கத்துக்காகவா என் அன்செல்மோ செத்தான்?

"பெட்டையில போனேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத. ஆத்துக்கு அந்தாண்ட போய்த் தலைமறைவா இருக்கேன். நம்ம ஆளுங்க வந்து சேர்ந்ததும் திரும்பி வருவேன். உன் மகனுக்கு நிலம் தர்றேன்."

"போங்க எசமான், புழுதி கிட்ட வருது."

தப்பிவிட்டார். அவர் தோற்றதை ஊர் மன்னித்துவிட்டது. சாராயக்கடையில் அவருக்காக ஈட்டி தீட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த உத்திரத்தை அண்ணாந்து பார்த்தபடி சில நாள் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். பிறகு மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன்.

"உங்க எசமான் எது மேல ஏறிப் போனாருன்னு தெரியுமா?"

சொன்னேன். அன்செல்மோவைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள். இந்த முறை ஒருவனும் சிரிக்கவில்லை. ஒருவன் ரிப்பனைக் கழற்றி மேசைமேல் வைத்தான். மற்றவர்களின் கைகளும் சட்டைக்குப் போயின.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆள் வரும் வரும் என்று காத்திருந்தே கிழவராகிச் செத்தார் எசமான். அவர் தந்த உத்திரம் இன்னும் என் கூரையைத் தாங்குகிறது.